ஐந்து நிமிட இன்சுலின்

இன்சுலின் என்றதும் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் ஊசிதான் பலருக்கு நினைவு வருகிறது. அது பாதிக் கதைதான். கணையம் ஒரு நாளில் சுரக்கும் இன்சுலினில் ஏறக்குறைய பாதிக்குச் சாப்பாட்டோடு சம்பந்தமே கிடையாது. நாம் தூங்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும், ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கும்போதும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மூளைக்கு அது வேண்டும். அந்த வரத்தை அளவோடு வைத்திருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலினும் வந்துகொண்டே இருக்க வேண்டும். கணையம் கைவிட்டவர்களுக்கு இந்த வேலையைச் செய்வதுதான் நீண்டநேர இன்சுலின். டாக்டர்கள் பேசல் இன்சுலின் என்பார்கள். அளவு சரிதானா என்று பார்க்க, ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மணிக்கு மணி குத்திப் பார்க்கச் சொல்வார்கள். சர்க்கரை பெரிதாக ஏறாமலும் இறங்காமலும் நின்றால் சரி. நாம் சாப்பிடாத நேரத்துக்கென்று போட்டுக்கொள்ளும் ஊசி இது.

“இருக்கிறதிலேயே நல்ல இன்சுலின் எது?” என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. மருந்துக் கடைக்காரர் ஒன்று சொல்வார், மருந்துக் கம்பெனிப் படங்கள் ஒன்று சொல்லும், பக்கத்து வீட்டு மாமி தன் தங்கைக்கு எழுதிக் கொடுத்ததைச் சொல்வார். வருடக்கணக்காக ஊசி போட்டுக்கொண்டபின் அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அப்படித் தோன்ற வைத்தது உடம்பைப் பற்றிய ஒரு சாதாரணச் செய்தி. கணையம் சுரக்கும் இன்சுலின் ரத்தத்தில் ஐந்தாறு நிமிடங்களுக்குள் பாதியாகக் குறைந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் திகைப்பாகத்தான் இருக்கிறது. இரவு முழுக்க ஆடாமல் அசையாமல் சர்க்கரையைப் பிடித்து வைத்திருக்கும் அந்த உறுப்பிடம் நீண்டநேர இன்சுலின் என்று ஒன்றே கிடையாது. அதனிடம் இருப்பது இருப்பதிலேயே குறுகிய ஆயுள் கொண்ட சரக்கு. நிமிடத்துக்கு நிமிடம் சர்க்கரையைப் பார்க்கிறது, கொஞ்சம் விடுகிறது, மறுபடி பார்க்கிறது. மாடிப்படி ஏறினால் உடனே கையை இழுத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் எதையும் நம்பி முடிவெடுப்பதில்லை.

நாம் செய்வது நேர் எதிர். காலையிலோ இரவிலோ ஒரு தடவை குத்திக்கொண்டு, வரப்போகிற இருபத்து நான்கு மணி நேரம் இப்படித்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பந்திக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் உலையில் அரிசி போடுகிற வேலை. போட்ட அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. தோலுக்கடியில் இறங்கிய மருந்தையும் அப்படித்தான்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். உயிர் தப்பிய மகிழ்ச்சியோடு கூடவே தொல்லையும் வந்தது. அந்தக் கால இன்சுலின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாளுக்கு மூன்று, நான்கு ஊசி. தூங்கும் குழந்தையை நடுராத்திரியில் எழுப்பிக் குத்திய பெற்றோர் எத்தனையோ பேர். டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடார்ன் 1936-ல் அதற்கு ஒரு வழி கண்டார். மீன் விந்துவில் கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலினைக் கலந்தால், அது தோலுக்கடியில் மெதுவாகக் கரையும். பிற்பாடு அதைச் சீர்ப்படுத்தி 1946-ல் உருவாக்கியதுதான் இன்றும் உலகம் முழுக்கப் புழங்கும் என்பிஹெச். பெயரில் உள்ள கடைசி எழுத்து ஹேகடார்னுடையது. பெற்றோரைத் தூங்க விட்ட மருந்து என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அதற்கு ஒரு திமில் உண்டு. போட்ட நாலு மணி நேரத்திலிருந்து எட்டுப் பத்து மணி நேரத்துக்குள் அதன் வேகம் ஏறி இறங்கும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் திமில் விழுவது இரண்டு, மூன்று மணிக்கு. வயிறு காலியாக இருக்கும் நேரம். வியர்த்து நனைந்து, கை நடுங்கி எழுந்து, இருட்டில் சர்க்கரை டப்பாவைத் தேடியவர்களுக்கு அந்த நேரம் நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அந்தத் திமிலைத் தட்டிச் சமப்படுத்தும் முயற்சிகள். 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளார்ஜின் புட்டிக்குள் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும். உடம்புக்குள் போனதும் நுண்ணிய துகள்களாகப் படிந்து மெல்லக் கரையும். டிடெமிர் தன்னோடு ஒட்டியிருக்கும் கொழுப்பமிலத்தால் ரத்தத்திலுள்ள ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு வலம் வரும். 2013-லிருந்து கடைகளில் இருக்கும் டெக்லுடெக், தோலுக்கடியில் நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகக் கழன்று வருவது. 42 மணி நேரத்தையும் தாண்டி அதன் வேலை நீளும்.

நான் போடுவது டெக்லுடெக். சாப்பாட்டு ஊசி, நீண்டநேர ஊசி இரண்டுமே தண்ணீர் மாதிரி தெளிவாக இருப்பதால், நீண்டநேரப் பேனாவின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருக்கிறேன். கரண்ட் போன வேளையிலும் விரல் கண்டுபிடித்துவிடும். பழைய என்பிஹெச்சுக்கு இந்தக் கவலை இல்லை. மோர்த் தண்ணி போல் கலங்கி, நான்தான் என்று அதுவே சொல்லும். புது மருந்துகள் எல்லாவற்றிலும் மேல் என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

என் நாட்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். மேஜை வேலை, ஒரே நேரத்துச் சாப்பாடு, ஒரே நேரத்துத் தூக்கம். இப்படிப்பட்டவனுக்கு நாற்பத்திரண்டு மணி நேர மருந்து அற்புதமாகப் பொருந்தும். ஒரு நாள் நேரம் தவறினாலும் பயமில்லை. இரண்டு ஊசிக்கு நடுவில் எட்டு மணி நேரமாவது இருந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் அதே மருந்தில் அளவை மாற்றினால் அது முழுதாகத் தெரிய மூன்று, நான்கு நாள் ஆகும். நாளைக்கு மட்டும் மலை ஏறப் போகிறேன், நாளைக்கு மட்டும் குறைத்துக்கொள்கிறேன் என்றால் அது கேட்காது. நேரத்தில் சுதந்திரம் கொடுத்துவிட்டு, மனதை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறது. மருந்து நீள நீள இந்தப் பேரம் கூடிக்கொண்டே போகிறது. விளம்பரப் படங்களில் முதல் பாதிதான் வரும்.

இதை எனக்குச் சரியாகப் புரிய வைத்தவன் என் சித்தி மகன். மதுரையில் ஒரு சின்ன ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நாற்பதைத் தாண்டியவன். மாத்திரை போதாமல் போனதும் இரவு ஊசி எழுதிக் கொடுத்தார்கள்: என்பிஹெச், 40 யூனிட் புட்டி, சிவப்பு மூடி சிரிஞ்சு. சீட்டில் 0-0-1. இரவு ஒரு வேளை. அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “அண்ணே, ராத்திரின்னா எந்த ராத்திரி? ஊருக்கு ராத்திரியா, எனக்கு ராத்திரியா?”

அவனுடைய நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். மாலை நாலு மணிக்குக் கடைக்குப் போவான். ஆறிலிருந்து நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை கல்லுக்கு முன்னால் நிற்பான். ஒன்றரைக்குச் சால்னா ஊற்றி வயிறு நிறையச் சாப்பாடு. மூன்று மணிக்குப் படுத்தால் காலை பத்துக்கு எழுவான். ஊருக்கு ராத்திரிதான் கணக்கு என்று வைத்துக்கொண்டு, ஒன்பதரைக்குக் கூட்டம் சற்றுக் குறையும்போது உள்ளே போவான். கையில் ஒட்டிய மாவையும் எண்ணெயையும் சோப்புப் போட்டுக் கழுவுவான். ஃப்ரிட்ஜில் முட்டை அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்த புட்டியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவான். குலுக்கினால் நுரை வரும், அளவு பிசகும், உருட்டத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு பரோட்டா வீசும் அந்தக் கைகள் அந்தச் சின்னப் புட்டியை அவ்வளவு பதமாக உருட்டுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். பிறகு பனியனைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கவாட்டில் ஒரு குத்து. மறுபடி கல்.

வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் குறை சொல்லும் என்பிஹெச் திமில் அவனுக்கு ஒன்றரை மணிச் சாப்பாட்டின் மேல் கச்சிதமாக விழுந்தது. அவனையறியாமல் அமைந்த பொருத்தம். ஆனால் கிளினிக்கில் வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். நாலு மணி நேரத் தூக்கத்தில் எழுந்து போனான். ஒன்றரைக்குப் பரோட்டா தின்றவனுக்கு ஏழு மணி எப்படி வெறும் வயிறு ஆகும்? சர்க்கரை கூடுதலாகக் காட்டியது. இரண்டு யூனிட் ஏற்றினார்கள். அடுத்த முறையும் கூடுதல், மறுபடி ஏற்றினார்கள். புத்தகப்படி அதுதான் முறை. வெறும் வயிற்று அளவு இலக்குக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போவது. புத்தகத்துக்கு அவன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்று தெரியாது.

பிறகு லோ சுகர் வர ஆரம்பித்தது. எப்போதும் செவ்வாய்க்கிழமை ராத்திரி. வீட்டில் என்னென்னவோ காரணம் சொன்னார்கள், சித்தி கோயிலுக்குக்கூட நேர்ந்துகொண்டாள். செவ்வாய் அவனுக்கு வார லீவு. அன்று மட்டும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டு, பத்துக்கெல்லாம் படுத்துவிடுவான். ஊரோடு சேர்ந்து தூங்கும் ஒரே ராத்திரியில் ஊருக்கு எழுதிய மருந்து அவனைக் கவிழ்த்தது. அவன் மனைவி செவ்வாய் இரவுகளில் தூங்குவதையே நிறுத்திவிட்டாள். அரை மணிக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டு வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பாளாம். இன்சுலின் தேர்வைப் பற்றி எந்த ஆராய்ச்சிக் கட்டுரை வந்தாலும் இப்படிப் பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கத்தை யாராவது கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று நான் தேடுவது அதனால்தான்.

ஆராய்ச்சிகளைக் குறைத்துப் பேசவில்லை. இந்த மருந்துகளின் வளைகோடுகளை எப்படி வரைகிறார்கள் தெரியுமா? ஆளைக் கட்டிலில் படுக்க வைத்து, சாப்பாடு கொடுக்காமல், சர்க்கரை இறங்க இறங்கக் குளுக்கோஸ் ட்ரிப்பைக் கூட்டிக்கொண்டே ஒரு நாளுக்கு மேல் அளப்பார்கள். 2004-ல் வெளியான அப்படிப்பட்ட ஓர் ஆய்வில், ஒரே ஆளுக்கு ஒரே அளவை வெவ்வேறு நாளில் போட்டார்கள். மருந்தின் வேலை நாளுக்கு நாள் மாறிய விகிதம் என்பிஹெச்சுக்கு 68 சதவீதம், கிளார்ஜினுக்கு 48, டிடெமிருக்கு 27. கட்டிலில் அசையாமல் படுத்திருந்தவருக்கே இந்த ஆட்டம். அனல் அடிக்கும் கல்லுக்கு முன்னால் ஏழு மணி நேரம் நிற்பவனுக்கு எவ்வளவு இருக்கும் என்று யாரும் அளக்கவில்லை. இன்னொரு பக்கம், 2018-ல் அமெரிக்காவின் வடக்குக் கலிஃபோர்னியாவில் டைப் 2 காரர்கள் இருபத்தையாயிரம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். என்பிஹெச்சில் தொடங்கியவர்களும் புது மருந்துகளில் தொடங்கியவர்களும் லோ சுகருக்காக ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் பெரிய வித்தியாசம் இல்லை. விலை குறைந்த மருந்தையே கொடுக்கலாம் என்பவர்களுக்கு இது பலமான வாதம். நியாயமான வாதமும்கூட. ஆனால் சராசரிக்கு வார லீவு கிடையாது.

வேறொரு டாக்டர்தான் அவனிடம், “என்னென்ன கிழமை இறங்குது?” என்று கேட்டார். அதற்கப்புறம் எல்லாம் பத்து நிமிடத்தில் தெளிவாகிவிட்டது. காலை பத்து மணிக்கு எழுந்ததும் குத்திப் பார்க்கச் சொன்னார். அதுதான் அவனுடைய வெறும் வயிறு. என்பிஹெச்சை நிறுத்தி, எழுந்ததும் கிளார்ஜின், குறைந்த அளவில் தொடங்கச் சொல்லி எழுதினார். டெக்லுடெக் வேண்டாமா என்று நான் கேட்டேன். நமக்குப் பொருந்தியது எல்லாருக்கும் பொருந்தும் என்ற நினைப்பு யாரை விடுகிறது! “கடை லீவு, கல்யாண ஆர்டர்னு இவருக்கு வேலை மாறிக்கிட்டே இருக்கு. ரெண்டு மூணு நாள்ல திருத்த முடியற மருந்தா இருக்கட்டும். செலவையும் பார்க்கணும்ல” என்றார்.

செலவைப் பார்க்கத்தான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பது என்பிஹெச் போன்ற பழைய மனித இன்சுலின்தான். உலக சுகாதார நிறுவனம் நீண்டநேரப் புது வகைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது 2021-ல். நம் தேசியப் பட்டியலில் கிளார்ஜின் இடம்பெற்றது அடுத்த வருடம். பட்டியலில் ஏறுவதும் கிராமத்து ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, கிடைக்கும் மருந்தும் நிரந்தரமில்லை. டிடெமிரைத் தயாரித்த நிறுவனமே 2024-ஓடு அமெரிக்காவில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. பழகிய உடம்புகள் வேறு மருந்துக்குப் போக வேண்டியதாயிற்று.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. என்பிஹெச்சும், அதையே சாப்பாட்டு இன்சுலினோடு முன்கூட்டிக் கலந்து வரும் 30/70 கலவையும் கேட்பது ஒழுங்கான நாளை. குறித்த நேரத்தில் ஊசி, குறித்த நேரத்தில் சாப்பாடு, இடையில் மாற்றமில்லாத வேலை. அப்படி ஒரு நாள் யாருக்கு வாய்க்கிறது? என்னைப் போன்ற மேஜை வேலைக்காரனுக்கு. அவனோ காசு கொடுத்துப் புது மருந்து வாங்கிக்கொள்கிறான். ஒன்றாம் மாடிக்குச் சிமெண்ட் சுமக்கும் சித்தாளுக்கும், விடியாமல் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போகிறவளுக்கும், நாள் விட்டு நாள் இரவு காவல் பார்ப்பவருக்கும் சாப்பாட்டு நேரம் அவர்கள் கையில் இல்லை. மேஸ்திரி சொல்லும்போதுதான் சாப்பாடு. நாளை என்ன வேலை என்பதே நாளைக்குத்தான் தெரியும். ஒழுங்கை அதிகம் கேட்கும் மருந்து, நாளின் மேல் கொஞ்சமும் அதிகாரம் இல்லாதவர்களின் கையில் போய்ச் சேர்கிறது. லோ சுகர் வந்தால், நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்று திட்டும் அவர்களுக்கே கிடைக்கிறது.

எந்த மருந்தும் கெட்டதில்லை. ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கு டாக்டர்கள் நீண்டநேர ஊசியை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றி, அளவிலும் 15 முதல் 30 சதவீதம் வரை குறைத்துக் கொடுப்பதுண்டு. ஒரு மாதத்துக்கு மருந்து மனிதனின் நேரத்துக்கு வந்து நிற்கிறது. நோன்புக்காகச் செய்யத் தெரிந்ததை ஒருவருடைய பிழைப்புக்காகவும் செய்யலாமே. அதற்கு அவருடைய நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓ.பி. வரிசை நீளமாக இருக்கும்போது எல்லாவற்றிலும் முதலில் காணாமல் போவது அந்தக் கேள்விதான்.

இப்போது வாரத்துக்கு ஒரே ஒரு ஊசி வந்திருக்கிறது, ஐகோடெக். 2024-ல் ஐரோப்பா அனுமதித்தது. ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் பிடிக்கும். வருடத்துக்கு 365 குத்து 52 ஆகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வீட்டுக்கு வந்து ஊசி போடும் நர்ஸை நம்பியிருக்கும் முதியவர்களுக்கு அது வரமாகவே இருக்கலாம். ஆனால் டைப் 1 காரர்களிடம் அதை டெக்லுடெக்கோடு ஒப்பிட்டபோது லோ சுகர் அதிகமாக வந்தது. அவர்களுடைய சர்க்கரை நாளுக்கு நாள் ஆடும். போன திங்களன்று எடுத்த முடிவு இந்த சனிக்கிழமைக் காய்ச்சலை அறியாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் எதையும் நம்பாத ஓர் உறுப்பின் இடத்தில், ஏழு நாளை நம்பும் ஒன்றை வைக்கிறோம். எவ்வளவு தூரத்துக்கு நம்பலாம் என்பதை மருந்துப் பெட்டியில் அச்சடிக்க முடியாது. அதைச் சொல்லக்கூடியது அவரவர் வாழும் நாள்தான்.

சென்ற மாதம் தம்பி போன் பண்ணினான். ஹோட்டலைக் காலையிலும் திறக்கப் போகிறார்களாம். இனி ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். “எழுந்ததும்னு எழுதியிருக்காரே, இனிமே எந்திரிக்கிறதே வாரத்துக்கு ஒரு நேரமாகப் போகுது. அப்ப என்ன பண்றது?” என்றான். டாக்டரிடம் போவதற்கு முன்னால் இரண்டு வாரத்தையும் காகிதத்தில் எழுதிப் பார்ப்போம் என்றேன். எழும் நேரம், நிற்கும் நேரம், தின்னும் நேரம், தூங்கும் நேரம். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் அவன் விழித்திருக்கிற, வேலையிலும் இல்லாத ஒரு மணி நேரம் வேண்டும். கோடு போட்டுப் பார்த்ததில் பிற்பகல் மூன்று மணி மட்டும் இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நேரத்தை எப்படிப் படிப்படியாக அங்கே நகர்த்துவது என்று எழுதிக் கொடுத்தார்.

“மூணு மணின்னா சரியா இருக்கும்ணே, அப்ப எந்தக் கடைக்காரனும் என்னைத் தேட மாட்டான்” என்றான்.